கோடை விடுமுறையும் சிறார் வாசிப்பும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை நோக்கில்

கோடைக்கால வாசிப்புத் திட்டம் என்பது, பள்ளிகள் மூடியிருக்கும் வாரங்களில் சிறுவர் சிறுமியரும் பதின்வயதினரும் தாமே விரும்பி எடுத்த நூல்களைத் தொடர்ந்து படிக்கப் பொது நூலகம் செய்து தரும் ஏற்பாடு. அதில் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பிள்ளைகள் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். ஒரு நூலை வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். திருப்பிக் கொடுக்க வரும்போது அதைப் பற்றி நூலகரிடமோ உடன் வந்தவர்களிடமோ பேசுகிறார்கள். அடுத்த நூலை எடுக்கிறார்கள். கதைசொல்லல், ஓவியம், நாடகம் எல்லாம் இந்த நடுவேலையைச் சுற்றி அமைபவை. தமிழ்நாட்டில் முழு ஆண்டுத் தேர்வு முடிவதிலிருந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வரை உள்ள ஏறத்தாழ ஆறு வாரங்களே இதற்குக் கிடைக்கும் காலம்.

இந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அமெரிக்க நகர நூலகங்களில் தொடங்கியது. கிளீவ்லாந்து பொது நூலகம் இதில் முன்னோடி. அங்கே 1897இல் சிறாருக்கென ஒரு நூலகக் கழகமும் அமைந்தது. விடுமுறையில் தெருவில் திரியும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை உள்ளே அழைத்து வருவதும், நூலைக் கிழிக்காமல் அழுக்காக்காமல் கையாளப் பழக்குவதும் தொடக்ககால நோக்கங்கள். நூறாண்டு கழித்து, 1999இல், பிரிட்டனில் தொடங்கிய கோடை வாசிப்புச் சவால் இன்று அந்நாட்டின் பெரும்பாலான பொது நூலகங்களில் நடக்கிறது. விடுமுறை முடிவதற்குள் ஆறு நூல்கள் படிப்பது அதன் வழக்கமான இலக்கு. எந்த ஆறு என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள். சித்திரக் கதையும் சரி, நகைச்சுவைத் துணுக்குத் தொகுப்பும் சரி, எல்லாம் கணக்கில் சேரும்.

ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது

விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த செய்தி. ஹாரிஸ் கூப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு இழப்பு ஏற்படுகிறது என்றார்கள். கணக்கில் இழப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. வாசிப்பில் அப்படி இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நின்ற இடத்தில் நின்றார்கள், அல்லது சற்று முன்னேறினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பால்டிமோர் நகரப் பிள்ளைகளை 1982 முதல் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும், ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையிலான வாசிப்பு இடைவெளியில் பெரும்பகுதி கோடைகளில் உண்டானது என்றே கூறியது.

இந்த முடிவுகளை அப்படியே ஏற்பதற்கில்லை. பால் வான் ஹிப்பெல் 2019இல் வெளியிட்ட மறு ஆய்வுகளில், பழைய அளவுகோல்கள் மாறியதாலேயே சில இடைவெளிகள் பெரிதாகத் தெரிந்தன என்றும், புதிய தேர்வுமுறைகளில் அவை அதே அளவில் தெரியவில்லை என்றும் காட்டினார். கோடை இழப்பு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஆனால் நூலகத்துக்கு வேண்டிய கேள்வி அதுவல்ல. கோடையில் எந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள், எது அவர்களைப் படிக்கவைக்கிறது என்பதே அதற்கு வேண்டியது. இதற்கு மூன்று ஆய்வுகள் தெளிவான விடை தருகின்றன.

முதலாவது, பார்பரா ஹெயின்ஸ் அட்லாண்டா நகரின் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட நூல். கோடையில் படித்த நூல்களின் எண்ணிக்கைக்கும் அறிவு வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு, பெற்றோரின் வருமானத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் நிற்கிறது என்று அவர் கண்டார். விடுமுறைக் கால வளர்ச்சிக்குப் பொது நூலகம் செய்த அளவுக்கு வேறெந்தப் பொது நிறுவனமும் செய்யவில்லை என்பதும் அவர் முடிவு. நூலகத்தைப் பயன்படுத்துவதா இல்லையா என்பதைத் தீர்மானித்ததில் வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையிலான தொலைவுக்குப் பெரிய பங்கு இருந்தது. நடந்து போகும் தூரத்தில் இருந்தவர்கள் போனார்கள். இந்த ஒரு செய்திக்காகவே அந்த நூலைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நூலகப் பணி திட்டமிடுவோர் எல்லாரும் படிக்க வேண்டும்.

இரண்டாவது, ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மெக்கில்-ஃப்ரான்சனும் ஃபுளோரிடாவின் ஏழைப் பள்ளிகளில் நடத்தியது. மூன்று கோடைகளில், கோடைக்குப் பன்னிரண்டு நூல்கள் வீதம் பிள்ளைகளுக்குச் சொந்தமாகவே கொடுத்தார்கள். ஒரு நூல் கண்காட்சி வைத்து, அதிலிருந்து பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, இதன் பயன் கோடை வகுப்புக்குப் போனதன் பயனுக்கு இணையாக இருந்தது. பிள்ளைகள் பெரிதும் எடுத்தவை சினிமா, தொலைக்காட்சி நட்சத்திரங்களைப் பற்றிய நூல்களும் தொடர்கதைப் புத்தகங்களும்தான். பெரியவர்கள் நல்லவை என்று கருதும் நூல்கள் அல்ல. அதனால் பயன் குறைந்துவிடவும் இல்லை.

மூன்றாவது ஜேம்ஸ் கிம், தாமஸ் ஒயிட் ஆகியோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு. நூலை மட்டும் கொடுத்த பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. நூலோடு, வாய்விட்டுப் படித்துக் காட்டுவதற்கும் படித்ததைச் சொல்லிப் பார்ப்பதற்கும் ஆசிரியரும் வீட்டாரும் துணைநின்ற பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. அலிங்டன் முடிவோடு இது முரண்படுவதுபோல் தோன்றும். நூல் அருகில் இருக்க வேண்டும், அது பிள்ளைகள் தேர்ந்ததாக இருக்க வேண்டும், அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துப் படிப்பதே பொருத்தம்.

இந்தியாவில் கோடையை மட்டும் தனியே அளந்த பெரிய ஆய்வுகள் அரிது. ஆனால் பெருந்தொற்றுக் காலம் நீண்ட விடுமுறை என்ன செய்யும் என்பதைக் காட்டிவிட்டது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் நடத்திய கள ஆய்வில், 92 விழுக்காட்டுப் பிள்ளைகள் முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித்திறன்களில் குறைந்தது ஒன்றை இழந்திருந்தார்கள். தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 5 விழுக்காட்டுக்கும் கீழ் என்று 2022ஆம் ஆண்டின் அசர் கல்வி நிலை அறிக்கை சொன்னது.

தமிழ்நாட்டு நூலக அமைப்பு

விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் அன்றைய சென்னை மாகாணம். கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல்லாண்டு முயற்சியின் பயனாக, 1948இல் அது வந்தது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று அடுக்கடுக்காக இறங்கும் அமைப்பு அதன் கீழ் உருவானது. மாநிலத்தில் இன்று இவை 4,600க்கு மேல். இவற்றின் செலவுக்குச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி முதன்மையான வருவாய்.

நூலகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் சட்டத்துக்கும் முந்தியது. மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை உருவாக்கிய மாட்டு வண்டி நூலகம் 1931 அக்டோபரில் ரங்கநாதன் முன்னிலையில் புறப்பட்டது. சுற்று வட்டாரச் சிற்றூர்களுக்கு முறைவைத்து நூல்களைக் கொண்டுபோன வண்டி அது. தார்ச்சாலை இல்லாத காலத்தில் காவிரிப் படுகையில் இது முடிந்தது என்பதை, மலைக்குச் சாலை போதாது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளலாம்.

ஊராட்சிதோறும் நூலகம் என்பது 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் வந்தது. அன்றிருந்த 12,618 ஊராட்சிகளையும் ஐந்தாண்டுகளில் எட்டும் நோக்கோடு கட்டடங்களும் நூல்களும் ஒதுக்கப்பட்டன. இவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் அமைந்தவை. பொது நூலகத் துறையின் நூலகங்கள் வேறு. முழுநேர நூலகர் இல்லாததால் பல ஊர்களில் கதவு பூட்டியே கிடந்தது. பிறகு புதுப்பிக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. கோடைத் திட்டத்துக்கு இந்தக் கட்டடங்கள் மிக முக்கியம். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் காலத்தில், ஒரு சிற்றூரில் அரசுக்குச் சொந்தமாக, பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில், நூலகமென்றே கட்டிய இடம் பெரும்பாலும் இது ஒன்றே.

மாவட்டமும் மலையும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. சமவெளியில் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் ஆகிய ஊர்கள். இங்கெல்லாம் நூலகங்கள் பல்லாண்டுகளாக இயங்கி வருகின்றன. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி. பேருந்து வசதி உண்டு. சமவெளிச் சிறுவருக்கு நூலகம் பெரும்பாலும் மிதிவண்டித் தொலைவில் இருக்கிறது.

மேற்கே எழும் கல்வராயன் மலையில் நிலைமை வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு வெள்ளிமலை தலைமையிடம். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து மேலே ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு என்று ஊர்கள். ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் ஓடை, காடு, மேட்டு நிலங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குடியிருப்புகள். இங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளோடு தொடர்பில்லாதவர்கள், தமிழ் பேசுபவர்கள்.

இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அது முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. நூலகச் சட்டம் நிறைவேறி அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. சமவெளியில் கிளை நூலகங்கள் வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தில் மலையில் சாலையும் பள்ளியும்கூட அரிதாக இருந்தன. மலையில் எழுத்தறிவு பின்தங்கியிருப்பதற்கு அங்குள்ளவர்களின் ஆர்வமின்மையைக் காரணம் காட்டுவோர் இந்த ஆண்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. இன்று வீட்டில் வாசிக்கப் பழகும் மலைச் சிறுமிக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த பாட்டி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோதும் சாலை, போக்குவரத்து, பள்ளி ஆகியவையே பேசுபொருளாயின.

மலையில் பள்ளிக் கல்வியின் முதுகெலும்பு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகள். வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியும் உள்ளது. பள்ளி நடக்கும் மாதங்களில் இந்த ஏற்பாடு தொலைவுச் சிக்கலை ஓரளவு தீர்த்துவிடுகிறது. பாடநூல், ஆசிரியர், விளக்கு, உடன் படிக்கும் தோழர் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. ஏப்ரல் கடைசியில் விடுதி மூடியதும் இவையெல்லாம் ஒரே நாளில் நின்றுபோகின்றன. பிள்ளைகள் தத்தம் குடியிருப்புக்குத் திரும்புகிறார்கள். அங்கே வீட்டில் நூல் இல்லை. பள்ளி நூலக அலமாரியின் சாவி பள்ளியில் இருக்கிறது. கிளை நூலகத்துக்குப் போகப் பேருந்து ஏற வேண்டும். கள்ளக்குறிச்சி நகரச் சிறுவருக்குக் கோடை என்பது பள்ளி மட்டும் இல்லாத காலம். வீட்டருகே நூலகம் இருக்கிறது, கடையில் நாளிதழின் சிறுவர் மலர் கிடைக்கிறது. மலைச் சிறுவருக்கோ கோடை என்பது அச்சிட்ட எழுத்தே கண்ணில் படாத ஆறு வாரம். இரண்டையும் ஒரே திட்டத்தால் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றும் சேர்கிறது. மலைக் குடும்பங்களில் கேரளத்தின் மிளகு, காபித் தோட்டங்களுக்கும் திருப்பூர் போன்ற தொழில் நகரங்களுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. விடுமுறையில் பிள்ளைகள் பெற்றோரோடு போகிறார்கள், அல்லது தாத்தா பாட்டியோடு தங்கி ஆடு மாடு மேய்க்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் நிற்கிறார்கள். நாள்தோறும் காலை பத்து மணிக்கு வந்து உட்கார வேண்டும் என்று அமைக்கும் முகாம் இவர்களுக்குப் பொருந்தாது.

இப்போது நடப்பவை

மாநிலத்தின் பெரிய நூலகங்கள் கோடை நிகழ்ச்சிகளை நன்றாகவே நடத்துகின்றன. 2010இல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023 ஜூலையில் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறாருக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. மே மாதத்தில் அங்கே கதைசொல்லல், அறிவியல் விளையாட்டு, ஓவியம் என்று கூட்டம் நிறைகிறது. மாவட்ட மைய நூலகங்களும் கிளை நூலகங்களும் வாசகர் வட்டத்தின் துணையோடு கோடை முகாம் நடத்துவது வழக்கமாகி வருகிறது. சதுரங்கம், காகித மடிப்பு, பேச்சுப் பயிற்சி, யோகா எல்லாம் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுகின்றன. இவை பிள்ளைகளை நூலகத்துக்குள் அழைத்து வருகின்றன என்பது உண்மையான பயன். ஆனால் பல முகாம்களில் வாசிப்பு பத்து நிகழ்ச்சிகளில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. முகாமின் கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு இரவல் நூல் இருந்ததா என்பதே ஒரு கோடை முகாமை நூலக முகாமாக்கும் அளவுகோல். சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பும் முகாமை எந்தத் திருமண மண்டபத்திலும் நடத்தலாம்.

பள்ளிக்கல்வித் துறை கோடையை நேரடியாகக் குறிவைத்தது 2022இல். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள், 2022 ஜூன் 1 முதல் 12 வரை, பள்ளி திறப்பதற்கு முந்தைய நாட்களில், வாசிப்பு மாரத்தான் ஒன்றை நடத்தினார்கள். கூகுளின் ரீட் அலாங் செயலியில் பிள்ளைகள் கதைகளை வாய்விட்டுப் படிக்க, செயலி கேட்டுத் திருத்தும். படித்த சொற்கள் எண்ணப்படும். மாநிலம் முழுவதும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் பங்கெடுத்தார்கள். விடுமுறையில் பொது முயற்சியாக வாசிப்பை முன்னிறுத்த முடியும் என்பதற்கு இதுவே தமிழ்நாட்டின் பெரிய சான்று. கைப்பேசியும் இணைய அலைவரிசையும் தேவைப்பட்டது அதன் எல்லை. கைப்பேசிக் கோபுரத்தின் அலைவரிசை எட்டாத மலைக் குடியிருப்புகளுக்கு அச்சு நூலே பொருத்தமான கருவி.

அச்சு நூல்களில் அண்மைக் காலத்தின் நல்ல வரவு, 2023இல் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய வாசிப்பு இயக்கம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில், சில பக்கங்களே கொண்ட படக் கதை நூல்கள் வெளியாயின. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் ‘நுழை’யில் தொடங்கலாம், வகுப்பு எதுவானாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. இவற்றோடு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய பள்ளி இதழ்களும் உள்ளன. சிறு நூல், பெரிய எழுத்து, நல்ல படம் என்ற முறையைத் தமிழ்நாடு 1990களின் அறிவொளி இயக்கத்திலேயே புதிதாகப் படிக்கக் கற்ற பெரியவர்களுக்காகச் செய்து பார்த்திருக்கிறது. கோடைக்கு இவை மிகவும் ஏற்றவை. ஆனால் அவை பள்ளியின் சொத்து. ஏப்ரலில் பள்ளியோடு சேர்ந்து அவையும் பூட்டப்பட்டால், வாசிக்க நேரமுள்ள காலத்தில் நூல் இல்லாமல் போகிறது. விடுமுறைக்கு முன்பே அவற்றை அருகிலுள்ள ஊராட்சி நூலகத்துக்கோ, பொறுப்பேற்கும் தன்னார்வலரிடமோ இரவலாகக் கொடுத்து ஜூனில் திரும்பப் பெறுவதற்குப் புதிய செலவே இல்லை. சில நூல்கள் கிழியும், சில தொலையும். தொலைந்த நூலுக்கு ஆசிரியரோ நூலகரோ கைக்காசு கட்ட வேண்டும் என்ற அச்சம் நீங்கும்படி, குறிப்பிட்ட விழுக்காட்டு இழப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளும் ஆணை வேண்டும். அலமாரிகள் பூட்டியிருப்பதற்கு அந்த அச்சம் பெரிய காரணம்.

மலைக்கான வழிகள்

எட்டாத மலையில் நூலகம் நடந்ததற்குத் தென்னகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், முதுவான் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடியில், பி.வி. சின்னத்தம்பி என்பவர் தம் தேநீர்க் கடையிலேயே 160 நூல்களோடு ஒரு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். காட்டுக்குள் நெடுந்தூரம் நடந்தே போக வேண்டிய இடம் அது. நூல்கள் மூட்டைகளில் இருந்தன. இரவல் பதிவேடு ஒழுங்காக இருந்தது. அங்கே எளிய துணுக்கு நூல்கள் மட்டும் வைக்கப்படவில்லை. மலையாளத்தில் பெயர்த்த சிலப்பதிகாரத்தையும் வாசகர்கள் எடுத்துப் படித்தார்கள். தேநீர் குடிக்க வருபவர்கள் எப்படியும் வரும் இடத்தில் நூல் இருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம். கல்வராயன் மலையிலும் மக்கள் எப்படியும் கூடும் இடங்கள் இருக்கின்றன: நியாய விலைக் கடை, அங்கன்வாடி, கோயில் திடல், பேருந்து நிற்கும் மரத்தடிக் கடை. ஒரு தகரப் பெட்டி நிறைய நூல்களை இவற்றில் ஒன்றில் வைப்பது கட்டடம் கட்டுவதைவிட விரைவாக முடியும் வேலை.

அரசமைப்பாகச் செய்ததற்குக் கர்நாடகம் எடுத்துக்காட்டு. அங்கே ஊராட்சி நூலகங்கள் ஊரக வளர்ச்சித் துறையிடம் வந்தபின், 2020இல் தொடங்கிய ‘ஓதுவ பெளகு’ இயக்கத்தின் கீழ் பள்ளிப் பிள்ளைகளுக்கு உறுப்பினர் கட்டணம் நீக்கப்பட்டது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்த நேரம் அது. பிள்ளைகள் பெருந்திரளாக உறுப்பினராயினர். கேரளத்தில் நூலகக் குழுவோடு இணைந்த ஊர் நூலகங்களில் ‘பாலவேதி’ என்ற சிறார் பிரிவு நெடுங்காலமாகவே இயங்குகிறது. தமிழ்நாட்டிலும் கட்டணம் பெரிய தொகை அல்ல. ஆனாலும் காப்புத்தொகை, சந்தா, முகவரிச் சான்று, பெரியவர் கையொப்பம் என்ற வரிசை, முதல் தலைமுறையாகப் படிக்கும் மலைச் சிறுவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கோடை மாதங்களுக்கு மட்டுமாவது பள்ளி அடையாளத்தை வைத்தே நூல் கொடுக்கலாம்.

ஆள் கிடைப்பதுதான் கடினம். நூல்களை வாசகரின் வீட்டுக்கே கொண்டுபோகும் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தை 2022இல் பொது நூலகத் துறை அறிவித்தது. சமவெளியில் இது முதியோருக்கும் இல்லத்தரசிகளுக்கும் வசதி. மலையில் இது இன்றியமையாதது. மலையிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை இளைஞர்களும் பெண்களும் விடுமுறைக்கு ஊர் திரும்பும் காலமும் கோடைதான். அவர்களுக்கு அந்த வட்டாரப் பேச்சு தெரியும், ஒவ்வொரு வீடும் தெரியும். ஆறு வாரத்துக்கு ஒரு சிறு மதிப்பூதியம் கொடுத்து, வாரம் இரு நாள், ஆடுகள் பட்டி திரும்பிய பிறகு மாலை வேளையில், ஒரு மணி நேரம் கூடச் செய்தால் கிம்மின் ஆய்வு வலியுறுத்திய ‘பேச ஒரு ஆள்’ கிடைத்துவிடுகிறார். கல்வராயன் மலையில் அரசு கோடை விழா நடத்தும்போது மலர்க் கண்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு நூல் இரவல் அரங்கும் இடம்பெறலாம்.

எந்த நூல்கள்

கோடைப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நூலகர்களிடையே தயக்கம் உண்டு. தமிழில் சிறார் நூல் குறைவு என்பது பழைய நினைப்பு. அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே தொடர்ச்சியான மரபு இருக்கிறது. அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் ஆகியவை இரண்டு தலைமுறைகளின் கோடைகளை நிரப்பின. லயன் ‘கோடை மலர்’ என்றே சிறப்பிதழ் போட்டது. இன்று யெஸ். பாலபாரதி, மு. முருகேஷ், ஜி. மீனாட்சி, உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் என்று சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர்களே ஒரு வரிசை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987 முதல் வருகிறது. துலிகா, பிரதம் புக்ஸ் போன்ற பதிப்பகங்கள் படக் கதைகளைத் தமிழில் தருகின்றன. குறை நூலில் இல்லை. வாங்கும் முறையில் இருக்கிறது. நூலகக் கொள்முதலில் தடித்த நூல்களும் வாழ்க்கை வரலாறுகளும் நீதிக் கதைத் தொகுப்புகளும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பதினாறு பக்கப் படக் கதைக்கு முதுகில் பெயர் எழுத இடமில்லை. அது அலமாரியில் காணாமல் போய்விடுகிறது. அவற்றை முகப்பு தெரியும்படி கயிற்றில் தொங்கவிட்டாலே பிள்ளைகள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வகை நூலும் வேண்டும். பாடநூல் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையில் மலையில் இடைவெளி கூடுதல். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினார்கள் என்ற வழிவழிக் கதையை மலையாளிப் பிள்ளைகள் கேட்டே வளர்கிறார்கள். கடுக்காய் பொறுக்குவதும் தேன் எடுப்பதும் சாமை விதைப்பதும் அவர்கள் கண்முன் நடப்பவை. பெரியவர்கள் சொல்லும் இந்தக் கதைகளைப் பிள்ளைகளே எழுதி, படம் வரைந்து, நூலகம் அதைத் தைத்து அட்டை போட்டு அடுத்த குடியிருப்புக்கு இரவல் கொடுப்பது ஒரு கோடையில் முடியக்கூடிய பணி. தன் பாட்டி சொன்ன கதை நூலாவதைப் பார்த்த பிள்ளைக்கு, நூல் என்பது எங்கிருந்தோ வரும் பொருள் என்ற எண்ணம் போய்விடும்.

பதின்வயதினரின் சிக்கல் தனி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்தவர்களுக்குக் கோடை என்பது முடிவுக்கும் சேர்க்கைக்கும் காத்திருக்கும் காலம். நூலகத்துக்கு வரும் இளைஞர்களில் பெரும்பகுதியினர் போட்டித் தேர்வு நூல்களோடு உட்கார்ந்திருப்பார்கள்; அது அவர்களின் நியாயமான தேவை. ஆனால் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. சிறார் பிரிவின் சின்ன நாற்காலி அவர்களுக்கு அவமானம். பெரியவர் பிரிவு அச்சம். விடலைப் பருவத்தினருக்கு ஒரு மூலை, விளையாட்டு, சினிமா, அறிவியல், துப்பறியும் கதை, வரைகதை என்று ஒரு அடுக்கு, இளைய பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் பொறுப்பு ஆகியவை அவர்களை நிறுத்தி வைக்கும். பெண் பிள்ளைகள் மாலையில் வெளியே வரத் தடை உள்ள வீடுகளில், இளையவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன் என்பது வீட்டார் ஏற்கும் காரணமாகவும் அமையும். பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கும் ஆபத்தும், சிறு வயதுத் திருமணப் பேச்சு எழும் ஆபத்தும் விடுமுறையில்தான் கூடுதல். ஜூனில் திருப்பித் தர வேண்டிய நூல் ஒன்று கையில் இருப்பது, பள்ளியோடு தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க ஒரு இழை.

பணமும் பதிவும்

நூலக வரி இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. மாடி வீடும் கடையும் நிறைந்த நகரில் அது கணிசமாகத் திரளும்; கூரையும் ஓடும் மிகுந்த மலை ஊராட்சிகளில் மிகக் குறைவாகவே திரளும். வசூலான இடத்திலேயே செலவு என்ற முறை வந்தால் மலைக்கு ஒருபோதும் நூலகம் வராது. மாவட்ட அளவில் ஒரே நிதியாகத் திரட்டிப் பகிர்வதற்காகவே சட்டம் நூலக ஆணைக்குழு என்ற அமைப்பை வைத்தது. அந்த நிதியில் கோடை இரவலுக்கென ஒரு தலைப்பு ஒதுக்கினால், நூல் வாங்க, பெட்டி செய்ய, தன்னார்வலருக்குக் கொடுக்க, தொலைந்ததை ஈடுகட்ட வழி பிறக்கும். ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை சிறார் பகுதிகளுக்குத் தரும் உதவியும், ஊர்தோறும் நூலகப் புரவலராகச் சேர்வோர் தரும் தொகையும் இதோடு சேரும். 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு ஆதரவோடு நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் மக்கள் நன்கொடையாகத் தரும் நூல்களில் சிறார் நூல்களைப் பிரித்தெடுத்து மலைக்கு அனுப்பலாம்.

இரவல் பதிவேடு இத்திட்டத்தின் ஒரே அளவைக் கருவி. எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கையும் விழாப் படங்களும் அறிக்கையை நிரப்பும், வாசிப்பைக் காட்டா. எந்தக் குடியிருப்பில், எந்த வயதுப் பிள்ளைகள், எந்த நூலை எடுத்தார்கள், எத்தனை நாளில் திருப்பினார்கள், அடுத்து எதை எடுத்தார்கள் என்ற நான்கைந்து பத்திகள் கொண்ட நோட்டு போதும். ஒரு கோடை முடிவில் எந்த நூல் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது, எது மடிப்புக் குலையாமல் திரும்பியது என்று அதிலிருந்து தெரியும். அடுத்த ஆண்டு வாங்க வேண்டியது அதிலிருந்தே முடிவாகும். ஜூனில் விடுதிப் பள்ளி திறக்கும்போது அந்த நோட்டின் படியொன்று வகுப்பாசிரியரிடம் போனால், ‘நுழை’யில் தொடங்கி ‘ஓடு’ வரை வந்த பிள்ளைகளை மறுபடியும் ‘நுழை’யில் நிறுத்தாமல் அவர் பாடத்தைத் தொடரலாம்.